நெருப்பெரிச்சலில் எடுத்த சாம்பிள்

சிங்கப்பூரிலிருந்து வருகிறேன் என்று சொன்னதுதான் நான் செய்த முதல் தவறு. திருப்பூர் பழைய பேருந்து நிலையத்தில் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்து, ஓட்டுநர் கேட்டாரே என்று வெள்ளந்தியாகச் சொல்லிவிட்டேன். அவர் கண்ணாடியில் என்னை ஒருமுறை பார்த்தார். அதன்பிறகு நான் சொன்ன முகவரியைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

கால் மணி நேரத்தில், முகப்பு முழுக்கக் கண்ணாடி பதித்த ஓர் ஏற்றுமதி நிறுவனத்தின் வாசலில் இறக்கப்பட்டேன். உள்ளே ஒரு பெண் எழுந்து நின்று வணங்கி, ஏசி அறையில் உட்கார வைத்து, இளநீர் கொண்டுவந்து கொடுத்தாள். சித்திரை வெயிலில் வந்த களைப்பு, மடமடவென்று குடித்துவிட்டேன். குடித்து முடித்த பிறகுதான் ஒருவர் வந்து மேசை நிறைய டி-சர்ட்டுகளைப் பரப்பி, "எத்தன பீஸ் எதிர்பாக்கறீங்க மேடம்?" என்றார்.

"நான் துணி வாங்க வரலைங்க. ஒரு குழந்தைகிட்ட ரத்தம் எடுக்க வந்திருக்கேன்" என்றேன்.

அவர் டி-சர்ட்டுகளை ஒவ்வொன்றாகத் திரும்ப மடிக்க ஆரம்பித்தார். மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வெளியே வந்தால், ஆட்டோக்காரர் அங்கேயே நின்றிருந்தார். அவருக்கும் வருத்தம்தான். ஆனாலும் தன் பக்க நியாயத்தை விடவில்லை. "வெளிநாட்டுல இருந்து வந்தா பையர்தானுங்களே? வேற யாருங்க இந்த ஊருக்கு வருவாங்க?"

பையர் என்றால் துணி வாங்க வரும் வெளிநாட்டு வியாபாரி. அங்கே இருந்த மூன்று நாளும் விடுதிக்காரர், டீக்கடைக்காரர், மருந்துக்கடைப் பெண் எல்லாருக்கும் நான் சிங்கப்பூர் பையர்தான். மறுத்து மறுத்து வாய் வலித்ததுதான் மிச்சம்.

உண்மையில் நான் செல் வளர்ப்பவள். சிங்கப்பூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் பதினெட்டு வருடமாக அதுதான் வேலை. வேளாவேளைக்குத் தீனி, இடம் நெருக்கமானால் வேறு கிண்ணத்துக்கு மாற்றம், கிருமி அண்டாமல் காவல். ஆராய்ச்சியாளர்கள் வருவார்கள், பட்டம் வாங்குவார்கள், போவார்கள். செல் உயிரோடு இருக்கிறதா என்று தெரிய வேண்டுமானால் மட்டும் என்னிடம் வந்துதான் ஆக வேண்டும். இதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு, மறைக்க விரும்பவில்லை.

மனித செல்லையும் எலி செல்லையும் ஒன்றாக இணைத்துக் கலப்பு செல் உண்டாக்குவது எங்கள் ஆய்வுக்கூடத்தின் தொழில். உடம்பில் இன்சுலின் எப்படி உண்டாகிறது, சில குழந்தைகளுக்கு ஏன் பிறந்ததிலிருந்தே அது வருவதில்லை என்பதை அந்தச் செல்களை வைத்துத் தேடுவோம். கோயம்புத்தூர் டாக்டர் ஒருவர் ஆறு வயதுப் பெண் குழந்தையின் ரத்தத்தை, அவள் அம்மா வேலை செய்யும் பனியன் கம்பெனி மூலமாக எங்களுக்கு அனுப்பியிருந்தார். அது கூரியரில் அங்கும் இங்கும் கிடந்து, வந்து சேர்ந்தபோது ஒரு செல்கூட உயிரோடில்லை. செத்த செல்லை எதனோடும் இணைக்க முடியாது. எனவே இந்தத் தடவை நீயே போய்க் கையோடு கொண்டு வா என்று என்னை ஏற்றி அனுப்பிவிட்டார்கள்.

ஆட்டோக்காரர் பரிகாரமாக என்னை நெருப்பெரிச்சலுக்கே கொண்டுபோய்ச் சேர்த்தார். ஊரின் வடக்கு ஓரம். பனியன் கம்பெனியும் சோளக்காடும் மாறி மாறி வந்தன. குழந்தையின் அம்மா வேலை செய்யும் கம்பெனியின் முதலாளி பொன்னுசாமி வாசலுக்கே வந்து வரவேற்றார். ஐம்பது வயது, கதர்ச் சட்டை, பையில் இரண்டு செல்போன்.

"வாங்க வாங்க. வழியில ஒண்ணும் சிரமம் இல்லீங்களே?"

"ஒரு கம்பெனில இளநீர் குடிச்சிட்டு வந்தேன்" என்று நடந்ததைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "அவங்க கம்பெனில இளநீ நல்லா இருக்காதுங்க" என்று சொல்லி இன்னொரு இளநீருக்கு ஆள் அனுப்பினார்.

அன்று சாயங்காலம் செல்வராணியின் வீட்டுக்குப் போனேன். வரிசையாகப் பத்து வீடு, எல்லாம் ஒரே அளவு, தகரக் கூரை. செல்வராணிக்கு முப்பது வயது இருக்கும். கோவில்பட்டிப் பக்கத்துக்காரி, கல்யாணமாகி இங்கே வந்தவள். கணவன் பனியன் கம்பெனியில் துணி வெட்டும் கட்டிங் மாஸ்டர். மகள் ஜெனி மூன்று மாதக் குழந்தையாக இருந்தபோது பல்லடம் ரோட்டில் லாரி மோதி இறந்துவிட்டான். அதற்கு ஒரு மாதம் முன்புதான் ஜெனிக்குச் சர்க்கரை நோய் என்று கண்டுபிடித்திருந்தார்கள். அன்றிலிருந்து காலையும் மாலையும் இன்சுலின் ஊசி, ஒருநாள் தவறாமல்.

அவர்கள் வீட்டில் ஃபிரிட்ஜ் இல்லை. தண்ணீர்ப் பானைக்குள் ஒரு மூடிபோட்ட எவர்சில்வர் கிண்ணத்தை மிதக்கவிட்டு, அதற்குள் இன்சுலின் குப்பியை வைத்திருந்தாள். எங்கள் ஆய்வுக்கூடத்தில் குளிர்பெட்டி ஒரு டிகிரி கூடினாலே மணி அடிக்கும். நான் பையிலிருந்த வெப்பமானியை எடுத்துப் பானைக்குள் விட்டுப் பார்த்தேன். குறை சொல்ல ஒன்றுமில்லை.

"தண்ணிய நாளுக்கு ரெண்டு தரம் மாத்துதேன்க்கா. பானைக்கு வெளிய ஈரத்துணி சுத்திருவேன்" என்றாள். சொல்லும்போது முகத்தில் பெருமை இருந்தது. இருக்க வேண்டியதுதான்.

ஜெனி என் முன்னால் வந்து நின்று என்னைத் தலை முதல் கால் வரை அளந்தாள். "நீங்கதான் எலி ஆன்டியா?"

"ஆமா."

"எலிக்கு ஊசி வலிக்குமா?"

எலியின் செல் மட்டும்தான் எங்களிடம் இருக்கிறது, எலி இல்லை என்று விளக்கினேன். அவளுக்கு அது ஏமாற்றமாகிவிட்டது.

சுக்குக் காப்பி கொடுத்துவிட்டுச் செல்வராணி நேராக விஷயத்துக்கு வந்தாள். "டாக்டர் சொன்னாக, சில பிள்ளையளுக்கு ஊசிய நிறுத்திட்டு மாத்திரை குடுக்கலாமாமே. எம் பிள்ளைக்கு முடியுமா முடியாதா, அத மட்டும் சொல்லுங்க. ஆனா ஒண்ணுக்கா. போன தடவை ரத்தம் எடுக்க நாலு இடத்துல குத்துனாக. நரம்பு கிடைக்கல. இந்த ஒரு தரம் மட்டுந்தான்னு அவகிட்ட சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கேன். இனிமே கேக்காதீக."

அவள் கேட்டதில்தான் எல்லாமே இருந்தது. நம் செல்லுக்குள் பதினொன்றாம் குரோமோசோம் என்று ஒன்று உண்டு. இன்சுலினைச் செய்யும் மரபணு அதில்தான் இருக்கிறது. செய்த இன்சுலினை வெளியே விடும் வாசலுக்கான மரபணுவும் அதே குரோமோசோமில்தான். ஜெனிக்கு இன்சுலின் செய்யும் மரபணு கெட்டிருந்தால், ஆயுள் முழுக்க ஊசி. அது நன்றாக இருந்து, வாசல் மட்டும் திறக்காமல் கிடந்தால், அதைத் திறக்க மாத்திரை இருக்கிறது.

ஆனால் அந்தக் குரோமோசோம் எல்லோரிடமும் இரண்டு இருக்கும். ஒன்று அம்மா கொடுத்தது, ஒன்று அப்பா கொடுத்தது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்றின் குறையை இன்னொன்று மறைத்துவிடலாம். தனித்தனியாகப் பார்க்க வேண்டும். அப்பா உயிரோடு இருந்தால் அவர் ரத்தத்தை ஒப்பிட்டுப் பார்க்கலாம். அவர் இல்லை. அவர் கொடுத்த பதினொன்றாம் குரோமோசோம் இப்போது இந்த உலகத்தில் ஜெனியிடம் மட்டும்தான் இருக்கிறது.

இதையெல்லாம் செல்வராணிக்கு எப்படிச் சொல்வது என்று தெரியாமல் அன்றைக்கு விடுதிக்குத் திரும்பினேன்.

மறுநாள் காலை விடுதிச் சாப்பாட்டு அறையில் உண்மையான பையர்கள் இரண்டு பேர் இட்லியை முள்கரண்டியால் குத்திக்கொண்டிருந்தார்கள். ஆங்கிலத்தில் பேசிக்கொண்டது காதில் விழுந்தது. "இவர்கள் முடியாது என்று சொல்லவே மாட்டார்கள். என்ன கேட்டாலும் 'பண்ணிடலாமுங்க' என்கிறார்கள். நம்புவதா வேண்டாமா என்று பத்து வருடமாகத் தெரியவில்லை" என்றார் ஒருவர். "பண்ணிவிடுகிறார்களா இல்லையா?" என்று கேட்டார் மற்றவர். முதலாமவர் யோசித்துவிட்டு, "பண்ணிவிடுகிறார்கள்" என்றார். அந்த இடத்தில் எனக்குத்தான் ஏதோ பாராட்டுக் கிடைத்த மாதிரி இன்னொரு வடை வாங்கிச் சாப்பிட்டேன்.

ரத்தத்தை வெளிநாடு கொண்டுபோவதற்கான காகிதங்கள் அடுத்த நாள்தான் கைக்கு வரும் என்றார்கள். அன்று முழுக்க எனக்கு வேலை இல்லை. கம்பெனியைச் சுற்றிப் பார்க்கப் போனேன். நெருப்பெரிச்சல் பேருந்தில் கூட்டம். சிங்கப்பூரில் ரயிலுக்குள் யாரும் யாரோடும் பேசமாட்டோம். இங்கே எனக்குப் பக்கத்தில் நின்ற பீகார்க்காரர் இரண்டு பேர் இந்தியில் மும்முரமாக ஏதோ வாதாடிக்கொண்டிருந்தார்கள். எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் புரிந்தது இவ்வளவுதான்: "இந்த ஊரில் கோபம் வந்தால்கூட கடைசியில் 'ங்க' போடுகிறார்கள். திட்டுகிறார்களா, மரியாதை கொடுக்கிறார்களா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?" சிரித்துக்கொண்டே இருந்ததில் நான் இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தவறவிட்டு ஒரு கிலோமீட்டர் திரும்பி நடந்தேன்.

செல்வராணிக்குச் செக்கிங் வேலை. பின்னி வந்த துணியை, அடியில் விளக்கு எரியும் கண்ணாடி மேசைமேல் ஓட்டி, ஓட்டை, எண்ணெய்க் கறை, கோடு என்று குறை கண்டுபிடிப்பது. நான் போனபோது ஒரு வெள்ளைத் துணியை நிறுத்தி வைத்து முறைத்துக்கொண்டிருந்தாள். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அவள் விரலை வைத்துக் காட்டிய பிறகு, மெல்லிய கோடு ஒன்று இடம் விட்டு இடம் விட்டு வருவது தெரிந்தது.

"ஏதோ ஒரு கோன் நூல்ல கோளாறு" என்றாள். பின்னும் மெஷினில் நூல் சுற்றிய எத்தனையோ கோன்கள் ஒரே நேரத்தில் ஓடும். துணியாகிவிட்ட பிறகு குற்றவாளி எது என்று பார்த்துச் சொல்ல முடியாது. அவள் ஓரத்தை வெட்டிவிட்டு, ஊசிமுனையால் நூலை ஒவ்வொன்றாக உருவி, கறுப்பு அட்டைமேல் வரிசையாக வைத்துக்கொண்டே போனாள். ஒரு நூலில் கை நின்றது. மற்றதைவிட அது ஒரு மயிரிழை தடிமன்.

"துணியா இருக்கையில ஒண்ணோட குறைய இன்னொண்ணு மறைச்சிரும்க்கா. ஒத்தை ஒத்தையாப் பிரிச்சா மறைக்க ஏலாது."

எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு வரும் மாணவர்களுக்கு இதே விஷயத்தை விளக்க நான் அரை மணி நேரம் எடுத்துக்கொள்வேன். அந்த இடத்திலேயே அவளிடம் சொன்னேன். நானும் இதைத்தான் செய்கிறேன். ஜெனியின் ரத்தத்திலிருக்கும் வெள்ளைச் செல்லை எலிச் செல்லோடு சேர்த்து ஒரே செல்லாக ஆக்குவேன். அந்தக் கலப்பு செல்லால் மனிதக் குரோமோசோம் எல்லாவற்றையும் வைத்துக்கொள்ள முடியாது. வளர வளர ஒவ்வொன்றாக உதறும். நூற்றுக்கணக்கான கலப்புகளை வளர்த்தால், ஏதோ சிலவற்றில் அப்பா கொடுத்த பதினொன்று மட்டும் நிற்கும். வேறு சிலவற்றில் அம்மா கொடுத்தது மட்டும். அப்போது ஒற்றையாக வைத்துப் படிக்கலாம்.

செல்வராணி கையிலிருந்த நூலைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "அப்ப எலிதான் உங்களுக்கு ஊசிமுனை."

"அப்படித்தான்."

"அவுக குடுத்தது, நான் குடுத்தது, தனித்தனியா?"

"தனித்தனியா."

அவள் தலையாட்டிவிட்டு அடுத்த துணியை ஓட்ட ஆரம்பித்தாள். கொஞ்ச நேரம் கழித்து, என்னைப் பார்க்காமலே, "அவுக வேலையில ஒரு குறையும் இருக்காது. கட்டிங்ல ஒரு நூல் பிசகாது" என்றாள். குரோமோசோம் என்பது வேலைத்திறமை இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை.

மூன்றாம் நாள் காலையில் காகிதங்கள் கைக்கு வந்ததும், பக்கத்து மருத்துவமனையில் ரத்தம் எடுத்தார்கள். ஜெனி பல்லைக் கடித்துக்கொண்டு என் வெப்பமானியையே பார்த்துக்கொண்டிருந்தாள். நர்ஸ் கைராசிக்காரி, ஒரே குத்தில் நரம்பு கிடைத்துவிட்டது. ஜெனியிடமிருந்து இரண்டு குழாய், ஒப்பிட்டுப் பார்க்கச் செல்வராணியிடமிருந்து ஒன்று. மூன்றையும் பஞ்சில் சுற்றி, வெப்பமானியோடு சின்னத் தெர்மாகோல் பெட்டியில் வைத்து மூடி, மேலே என் விசிட்டிங் கார்டை ஒட்டினேன். இது ஐஸில் வைக்கும் சரக்கு இல்லை. இருபதிலிருந்து இருபத்தைந்து டிகிரி வரைதான் பாதுகாப்பு. வெயில் பட்டால் போச்சு. இரண்டு நாளைக்குள் என் கிண்ணத்துக்குள் போயாக வேண்டும்.

விமானம் ராத்திரிதான். அதுவரை பொன்னுசாமியின் வீட்டில் சாப்பிட்டே ஆக வேண்டும் என்று கட்டாயம். கம்பெனியில் ஏசி உள்ள ஒரே இடம் சாம்பிள் ரூம். பையர்களுக்கு அனுப்பும் மாதிரித் துணிகள் அங்கேதான் தயாராகும். அதைப் பார்த்துக்கொள்பவள் சுகந்தி. இருபத்தைந்து வயது, இந்த ஊர்ப் பெண், சுறுசுறுப்பின் மறுபெயர். பெட்டியை அவளிடம் கொடுத்தேன்.

"சாம்பிளுங்களா மேடம்?"

"ஆமாம்மா, சாம்பிள். ரொம்ப முக்கியம். திறக்கக் கூடாது. இன்னைக்கே போகணும்."

"சிங்கப்பூருக்குத்தானுங்களே?"

"சிங்கப்பூருக்குத்தான்."

"எத்தன பீஸுங்க?"

"மூணு."

"கலருங்க?"

விளையாடுகிறாள் என்று நினைத்தேன். "சிவப்பு" என்றேன்.

"மூணுமே சிவப்புங்களா?"

"மூணுமே."

"சைஸு?"

"அஞ்சு" என்றேன், ஒவ்வொரு குழாயும் ஐந்து மில்லி என்பதால். அவள் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டாள். எவ்வளவு பொறுப்பான பெண் என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டு சாப்பிடப் போனேன்.

பொன்னுசாமியின் மனைவி ஈஸ்வரி, இடியாப்பம் மாதிரியான சந்தகை பிழிந்து தேங்காய்ப்பால் ஊற்றினார். அதுதான் சாப்பாடு என்று நினைத்து மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டேன். பிறகுதான் அரிசியும் பருப்பும் சாதம் வந்தது, நெய் வந்தது, கோழிக் குழம்பு வந்தது. "ஒண்ணுமே சாப்பிடலீங்களே, இன்னுங் கொஞ்சம் வெச்சுக்கங்க" என்று சொல்லிச் சொல்லியே என்னை எழவிடாமல் செய்தார். அந்த மரியாதையை மீறிக்கொண்டு எழுந்துவர எனக்குத் தெரியவில்லை. கம்பெனிக்குத் திரும்பும்போது மணி மூன்று.

சாம்பிள் ரூமில் பெட்டி இல்லை.

"அனுப்பிச்சுட்டேனுங்க மேடம்" என்றாள் சுகந்தி, முகமெல்லாம் வெளிச்சமாக. "இன்னைக்குக் கூரியர் பிக்கப் ரெண்டரைக்கே வந்துருச்சுங்க. உங்க கார்டுல இருந்த அட்ரஸ்தான் போட்டிருக்கேன். போன தடவையும் நாந்தானுங்க அனுப்பிச்சேன்." ரசீதின் நகலை என்னிடம் நீட்டினாள். ஸ்டைல்: சிங்கப்பூர். பீஸ்: மூன்று. கலர்: சிவப்பு. சைஸ்: ஐந்து.

போன தடவை அவள் அனுப்பியதும் ரத்தம்தான், அது செத்துப்போய் வந்தது என்று இதுவரை யாருமே அவளிடம் சொல்லியிருக்கவில்லை. நானும் சொல்லவில்லை. நாங்கள் இரண்டு பேரும் தமிழில்தான் பேசினோம். நடுவே கிடந்த ஒரே ஓர் ஆங்கில வார்த்தைக்கு அவளுக்கு ஒரு பொருள், எனக்கு ஒரு பொருள். இப்போது நிதானமாக இப்படி எழுதுகிறேன். அப்போது நான் செய்தது, எல்லார் முன்னாலும் அவளைப் பார்த்துக் கத்தியதுதான். "அது துணி இல்ல, ரத்தம். அந்தக் குழந்தையோட ரத்தம்."

தையல் மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன.

பொன்னுசாமி யாரையும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இரண்டு செல்போனையும் வெளியே எடுத்தார். "வண்டிய நிறுத்தோணும். அவ்வளவுதானுங்களே? பண்ணிடலாமுங்க." பார்சல் நேரத்துக்குக் கிளம்ப வேண்டும் என்பதற்காகவே மூச்சுவிடும் ஊர் அது. முதல்முறையாக ஒரு பார்சலைக் கிளம்பவிடாமல் தடுக்க வேண்டியிருந்தது.

செல்வராணி மேசையைவிட்டு வந்து நின்றாள். அழவில்லை. "நம்மகிட்ட ரெண்டரைக்கு எடுத்தா, அடுத்து மூணு கம்பெனி எடுத்துட்டுத்தான் டவுனுக்குப் போவான்" என்றாள். அந்த மூன்றிலும் அவள் ஊர்க்காரர்கள் இருந்தார்கள். பொன்னுசாமி முதலாளிகளைக் கூப்பிட, அவள் செக்கிங் பெண்களைக் கூப்பிட்டாள். அவளுக்குத்தான் முதலில் பதில் வந்தது. முதல் கம்பெனியிலிருந்து வண்டி போய்விட்டது. இரண்டாவதிலும் போய்விட்டது. மூன்றாவதில் போனை எடுத்தது சரக்கு ஏற்றும் இந்திக்காரர் ஒருவர். போன் என் கைக்கு வந்தது. "இப்போதுதான் போகிறது அக்கா, பின்பக்கம் தெரிகிறது, கூப்பிட்டுப் பார்த்தேன், கேட்கவில்லை" என்றார்.

அங்கிருந்து டவுன் அலுவலகம். நான்கரைக்கு எல்லாப் பார்சலும் கோயம்புத்தூர் போய்விடும். பொன்னுசாமி காரை எடுத்தார். நானும் செல்வராணியும் பின்னால். பாதி வழியில் ஒரு டெம்போவின் கயிறு அறுந்து, துணி உருளைகள் சாலை முழுக்கக் கிடந்தன. சிங்கப்பூராக இருந்தால் போலீஸ் வந்து ஒழுங்கு செய்யும் வரை எல்லாரும் காத்திருப்போம். இங்கே வண்டியிலிருந்து இறங்கியவர்கள் ஆளுக்கொரு உருளையைத் தோளில் தூக்கினார்கள். ஆனாலும் நேரமாகும் என்று தெரிந்தது. செல்வராணி கதவைத் திறந்து இறங்கி நடந்தாள். நடை என்று சொல்ல முடியாது. என் ஐம்பது வயதுக் காலும், புதுச் செருப்பும், மூன்று கரண்டி சந்தகையும் அவள் பின்னால் ஓடின.

கூரியர் அலுவலகத்தில் மணி நான்கு பத்து. அடுக்கியிருந்த பார்சல்களுக்கு நடுவே என் பெட்டி கண்ணுக்குத் தெரிந்தது. கவுண்டரில் இருந்தவர் பணிவாகத்தான் சொன்னார். "புக் ஆன பார்சலுங்க. அனுப்பின கம்பெனி லெட்டர்ஹெட்ல, சீல் வெச்சு எழுதிக் குடுத்தாத்தான் திருப்பித் தர முடியுமுங்க."

அவர் சொன்னது சரி. நான் அவர் இடத்தில் இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். அது தெரிந்தும் அவரை அடித்துவிடலாமா என்று தோன்றியது.

அந்த நேரம் பின்னால் ஒரு ஸ்கூட்டி வந்து நின்றது. சுகந்தி. துணி உருளைகளுக்கு நடுவே புகுந்து வந்திருக்கிறாள். துப்பட்டாவெல்லாம் புழுதி. கைப்பையிலிருந்து லெட்டர்ஹெட், சீல், மை வைக்கும் டப்பா, பேனா எல்லாவற்றையும் வரிசையாகக் கவுண்டரில் எடுத்து வைத்தாள். நாங்கள் யாரும் அவளைக் கூப்பிடவில்லை, எதையும் கொண்டுவரச் சொல்லவும் இல்லை. நின்றபடியே எழுதிச் சீல் வைத்தாள். பார்சலைத் திருப்பி வாங்க என்னவெல்லாம் கேட்பார்கள் என்று அவளைவிட யாருக்குத் தெரியும்.

கவுண்டர்காரர் ரசீதோடு ஒப்பிட்டு உரக்கப் படித்தார். "ஸ்டைல் சிங்கப்பூர். மூணு பீஸ். ரெட். நோ கமர்ஷியல் வேல்யூ."

"கடைசில என்னது சொன்னீக?" என்று கேட்டாள் செல்வராணி.

சுகந்தி தலைகுனிந்துகொண்டாள். எந்த சாம்பிளை வெளிநாட்டுக்கு அனுப்பினாலும் வரிக்காக அப்படி எழுதுவது அவர்கள் வழக்கம். நான்தான் மெதுவாகச் சொன்னேன். விற்பனை மதிப்பு இல்லாதது என்று அர்த்தம்.

செல்வராணி பெட்டியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். "சரியாத்தான எழுதியிருக்கா. எம் பிள்ள ரத்தம் விக்கிறதுக்கு இல்லல்லா" என்றாள். அப்புறம் சுகந்தியின் தோளில் இருந்த புழுதியைத் தட்டிவிட்டாள். நானும் சுகந்தியிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் அழுதுகொண்டே, "பரவால்லீங்க மேடம், நாங் கேட்டிருக்கோணும்" என்றாள். எனக்கு இன்னும் கூச்சமாகிவிட்டது.

பெட்டிக்குள் இருந்த வெப்பமானி இருபத்தேழு காட்டியது. இரண்டு டிகிரி கூடுதல். பிழைக்குமா, பிழைக்காதா என்று என்னால் சொல்ல முடியவில்லை. பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பறந்தேன். வழியில் கொடுத்த சாப்பாட்டைத் தொடவில்லை, அதற்கு ஈஸ்வரியும் ஒரு காரணம்.

விமான நிலையத்திலிருந்து வீட்டுக்குப் போகாமல் ஆய்வுக்கூடத்துக்குப் போனேன். ஒரு சொட்டை எடுத்து நீலச் சாயம் கலந்தேன். செத்த செல் சாயத்தைக் குடித்து நீலமாகும், உயிருள்ளது குடிக்காது. நுண்ணோக்கியில் கண்ணை வைக்கக் கொஞ்சம் பயமாக இருந்தது. வைத்தேன். நீலம் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தது. மற்றதெல்லாம் பளிச்சென்று, உயிரோடு. தனியாக நின்று நான் கைதட்டினேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

பதினொரு வாரம் அந்தக் கலப்பு செல்களை நான் யாரையும் தொடவிடவில்லை. நூற்றுக்கணக்கில் வளர்த்து, பொறுக்கி, சோதித்து, கடைசியில் இரண்டு வகை கைக்குக் கிடைத்தது. ஒன்றில் செல்வராணி கொடுத்த பதினொன்று மட்டும். மற்றதில் அவள் கணவன் கொடுத்தது மட்டும். இரண்டிலும் இன்சுலின் செய்யும் மரபணு அப்பழுக்கில்லாமல் இருந்தது. அப்பாவின் பக்கத்தில், வாசலுக்கான மரபணுவில், ஒரே ஓர் எழுத்து மாறியிருந்தது.

முடிவு முறைப்படி டாக்டருக்குப் போனது. அதற்குப் பிறகு நான் கூப்பிட்ட முதல் ஆள் சுகந்தி. "சாம்பிள் அப்ரூவல் ஆயிடுச்சு" என்றேன். பின்னால் மெஷின் ஓடும் சத்தத்தையும் மீறி அவள் அதை எல்லாருக்கும் கத்திச் சொன்னது எனக்குக் கேட்டது.

செல்வராணியிடம் விளக்கியபோது அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "அப்ப பிள்ளைக்கு இன்சுலின் இருக்கு. அவுக குடுத்ததும் நல்லாருக்கு, நான் குடுத்ததும் நல்லாருக்கு. வெளிய வரத்தான் வழியில்லாம நின்னுருக்கு. அப்படித்தானக்கா?"

"அப்படித்தான்" என்றேன்.

"அவுக பக்கம் வாசல் மட்டுந்தான் கொஞ்சம் இறுக்கம்" என்று தானே சொல்லி, தானே சிரித்தாள்.

கோயம்புத்தூரில் ஜெனியை மருத்துவமனையில் சேர்த்து, டாக்டர்கள் பக்கத்திலேயே இருந்து, மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, ஊசியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார்கள். எனக்குச் செய்தி எதுவும் வரவில்லை. நானாகக் கூப்பிட்டுக் கேட்கத் துணிச்சலும் இல்லை. மூன்றாவது வாரம் ஒரு காலை, வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது செல்வராணி கூப்பிட்டாள். குரல் வழக்கம்போல நிதானமாகத்தான் இருந்தது.

"வீட்டுக்கு வந்துட்டோம்க்கா. ஊசி போட்டு ஒம்பது நாளாச்சு. சர்க்கரை சரியா நிக்குது."

நான் ஏதோ சொன்னேன், என்ன சொன்னேன் என்று நினைவில்லை.

"ஒரு சங்கடம் மட்டும் இருக்கு. ஏழு மணி ஆனா என் கை தன்னால போய் அவ வயித்தப் பிடிக்குது. ஊசி போட தோலைப் பிடிப்பேம்லா, அந்தப் பழக்கம். அவ நான் கிச்சுகிச்சு மூட்டுதேன்னு நினைச்சிட்டு சிரிக்கா. ஆறு வருசமா இந்தக் கையப் பாத்தா பல்லக் கடிப்பா. இப்ப சிரிக்காக்கா."